எட்டுக்கால் சில்லும் தாய்மாமன் சீரும்

வளவனூரில் ஒரு கோயில் விழாவில் வாசித்து முடித்துவிட்டு ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் பெண் பக்கத்தில் வந்து நின்றாள். சர்ச்சில் ஆர்மோனியம் வாசித்து வளர்ந்தவள். வாய் நிறைய அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டே காலை வாருவதில் கெட்டிக்காரி.

“அண்ணா, ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே?”

“கேளும்மா.”

“இன்னிக்கி நீங்க வாசிச்சீங்களா?”

கையில் கிதாரும், கழுத்தில் வியர்வையும், சட்டையில் விபூதியுமாக நின்றிருந்தேன். வாசிக்காமல் பிறகு என்ன, மேடையில் காற்று வாங்கிக்கொண்டா இருந்தேன்?

“சும்மா கேட்டேண்ணா. கை ஆடிச்சி, பாத்தேன். சத்தம் வந்த மாதிரி தெரியல.”

இந்த நேரம் பார்த்து எங்கள் தலைவரும் வந்து சேர்ந்தார். குழுவை நடத்துவதும் முக்கால்வாசிப் பாட்டைப் பாடுவதும் அவர்தான். மற்ற நாட்களில் விழுப்புரத்தில் ஜெராக்ஸ் கடை. என்னைவிட வயதில் சின்னவர். அதனால் திட்டுவதைக்கூட மரியாதையாகத்தான் திட்டுவார்.

“அவ சொல்றது நெசந்தாண்ணா. உங்க கிட்டாரு சத்தம் தலகாணிக்கு அடியிலேர்ந்து வர்ற மாதிரி கீது. திண்டிவனத்துல காதுகுத்து ஒத்துக்கினு இருக்கேன். தாய்மாமன் சீரு உள்ள வரும்போது மொத பாட்டு. அது கிட்டாரு தனியா தொடங்கற பாட்டு. அது கேக்கலன்னா பேஜாராப் பூடும்.”

“கேட்கும்” என்றேன்.

“கேக்கலன்னா கீபோர்டுலயே கிட்டாரப் போட்டுக்கலாம்னு பாக்கறேன். தப்பா நெனச்சிக்காதீங்க.”

அந்தப் பெண் உடனே கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கி இரண்டு விரலால் வாசித்துக் காட்டினாள். மணி மணியாகக் கிதார் சத்தம் வந்தது. நான் கல்லூரி நாளில் தொடங்கி விரல் நுனி காய்த்துப்போகும்வரை பழகியதெல்லாம் அவளிடம் ஒரு பொத்தானாக இருந்தது. சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். சுருட்டி முடித்த ஒயரைப் பிரித்து மறுபடி சுருட்டினேன்.

குற்றம் கிதாருடையது அல்ல, ஒயருடையது. எங்கள் பக்கத்து மைக்செட்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பெட்டியை மேடைக்கு அருகே வைக்க மாட்டார்கள். பந்தி நடக்கும் வாசலில்தான் வைப்பார்கள். வழியை மறித்து நிற்கும் பைக்கின் எண்ணை மைக்கில் சொல்லவும், எந்த வரிசையில் பாயசம் தீர்ந்துவிட்டது என்று பார்க்கவும், முதல் பந்தியிலேயே இடம் பிடிக்கவும் அதுதான் தோதான இடம். ஆகவே என் கிதாரிலிருந்து புறப்படும் சத்தம் காலால் மிதிக்கும் மூன்று பெடல்களைத் தாண்டி, பந்தல் காலைச் சுற்றி, சமையல்கட்டைத் தொட்டு, பந்தி வாசலுக்குப் போய்ச் சேர வேண்டும். கிதாரில் பிறக்கும் மின்சாரமோ ரொம்பவும் சன்னமானது. அவ்வளவு தூரம் போவதற்குள் அதன் பளபளப்பெல்லாம் வழியிலேயே கழன்று விழுந்துவிடும்.

இதற்கு மருந்து பஃபர் என்கிற சின்ன மின்சுற்று. எனக்கு அது சட்டென்று விளங்கியது, ஏனென்றால் என் வயிற்றுப்பாடே பம்புசெட்டு சாமான் கடைதான். ஊற்று குறைந்த கிணற்றிலிருந்து தூரத்துக் கொல்லைக்கு நேராகக் குழாய் போட்டால் கடைசி வயலில் தண்ணீர் சொட்டும். நடுவில் ஒரு தொட்டி கட்டி, அங்கே ஒரு மோட்டார் வைத்துத் தள்ளினால் பாயும். பஃபர் அந்தத் தொட்டியும் மோட்டாரும் சேர்ந்த வேலையைச் செய்கிறது. கிதாரை இழுத்து வருத்தாமல் வாங்கிக்கொண்டு, ஒயருக்குள் வலுவாகத் தள்ளிவிடும். அதில் உயிர் என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்றுதான். ஆப்-ஆம்ப் என்கிற, எட்டுக் கால் வைத்த கறுப்புச் சில்லு. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது.

அந்த எட்டுக்கால் சில்லில் எதை வாங்குவது? இந்தக் கேள்விதான் என்னைப் பிடித்து ஆட்டி வைத்தது.

கடையில் நான் எப்படிப்பட்டவன் என்று சொல்ல வேண்டும். காணையிலிருந்து ஒரு விவசாயி வந்து, “மோட்டார் உறுமுது, ஆனா சுத்த மாட்டேங்குது, எந்த கண்டன்சர் போடறது?” என்று கேட்டால், அவர் வாயை மூடுவதற்குள் பொருள் அவர் கையில் இருக்கும். “இதுவா, அதுவா?” என்று அவர் இழுத்தால், “கரும்பு காயுது, எடுத்துக்கினு கெளம்புங்க” என்று துரத்திவிடுவேன். ஊராருக்கு மின்னல். எனக்கென்று வந்தபோது நான் நாள் கணக்கில் மூட்டம்.

இணையத்தில் தேடியது நான் செய்த முதல் தப்பு. உலகமெங்கும் என் வயதுக்காரர்கள் இந்தச் சில்லுக்காகக் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள். 072 என்ற எண்ணுள்ள சில்லு கிதாரைக் கொஞ்சமும் வருத்தாது என்றார் ஒருவர். அது ஏழைகளின் சில்லு, 5532தான் இரைச்சலே இல்லாதது என்றார் இன்னொருவர். அது பேட்டரியைக் குடித்தே தீர்த்துவிடும், கிதாரிலிருந்தும் கூடுதலாக உறிஞ்சும் என்று மூன்றாமவர் சாபமிட்டார். 4558தான் பழைய பெடல்களில் இருந்தது, அதில்தான் கதகதப்பு இருக்கிறது என்று நாலாமவர் கண்ணீர் விட்டார். 358 என்ற ஒன்றைப் பற்றி மட்டும் எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள். அதைக் கிதாருக்குப் போடுகிறவன் வீட்டில் யாரும் பெண் கொடுக்கவோ எடுக்கவோ கூடாது என்கிற அளவுக்கு வெறுத்தார்கள்.

ஒவ்வொரு சில்லுக்கும் ஜாதகம் மாதிரி கட்டம் கட்டமாக ஒரு விவரத்தாள் உண்டு. அவற்றைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாதி புரியவில்லை. புரிந்த பாதி பயமாக இருந்தது.

விழுப்புரத்தில் ரயிலடிப் பக்கம் டி.வி. பழுது பார்க்கும் கடை ஒன்றில் இந்தச் சில்லுகள் கிடைக்கும். கடைக்காரரிடம் மூன்று எண்களையும் சொன்னேன்.

“எதுக்குங்க?”

“பஃபர். எது போட்டால் நல்லது?”

“எல்லாத்துக்கும் எட்டு காலுதாங்க.”

“இல்லைங்க, இரைச்சல், இன்புட் இம்பிடன்ஸ்...”

“இந்தக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கருக்குப் போட்டேன், பாடுது. அந்த வீட்டு ஆம்பிளிபயருக்குப் போட்டேன், அதுவும் பாடுது. வேற இன்னா ஓணும் உங்களுக்கு? டான்ஸ் ஆடணுமா?”

மூன்றையும் வாங்கிக்கொண்டேன். அவராகவே ஒரு 358ஐயும் தெர்மோகோல் துண்டில் குத்திக் கொடுத்தார். “கெடக்கட்டும், வெச்சிக்கங்க.” வேண்டாத சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துவிட்டுப் பையில் போட்டேன்.

சுற்றை ஒட்டி முடித்து, வீட்டிலிருந்த மூடி போட்ட ஒரு எவர்சில்வர் சம்படத்துக்குள் வைத்தேன். சம்படத்தில் துளை போட்டதற்காக என் மனைவி பேசியதை இங்கே எழுத முடியாது. சில்லை நிரந்தரமாகப் பற்றவைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் அதன் இடத்தில் ஒரு சாக்கெட் மட்டும் வைத்தேன். எந்தச் சில்லை வேண்டுமானாலும் செருகலாம், பிடுங்கலாம். முடிவெடுக்கத் தெரியாதவர்களுக்காகவே கடவுள் படைத்த பொருள் அது.

பிறகு பரீட்சை. மனைவி முறத்தில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். முதலில் 072, அடுத்தது 4558, அதற்கும் அடுத்து 5532.

“எது நல்லாயிருக்குது?”

“நடுவுல வாசிச்சது.”

வரிசையை மாற்றி வாசித்தேன்.

“இப்போ?”

“நடுவுல வாசிச்சது.”

“நடுவுல இப்போ வாசிச்சது வேற ஒண்ணு!”

“ஏங்க, மொத தபா வாசிக்கும்போது கை நடுங்குது. கடைசில கோவம் வந்துடுது. நடுவுலதான் ஒழுங்கா வாசிக்கிறீங்க. நான் இன்னா செய்ய?”

நாலைந்து நாள் இப்படியே போனது. 4558இல் கதகதப்பு இருப்பதாகக் காலையில் தோன்றும், மாலையில் ஓடிப்போகும். அப்புறம்தான் என் மண்டையில் உறைத்தது. நான் வீட்டில் போட்டுச் சோதித்த ஒயர் ஆட்டுக்குட்டியைக் கட்டும் கயிறு நீளம். அவ்வளவு தூரத்துக்குப் பஃபரே தேவையில்லை. கிணற்று மேட்டிலேயே நின்றுகொண்டு, கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டுகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பம்புசெட்டு கடைக்காரன்!

மைக்செட்காரரிடம் போய் நீள ஒயரைக் கேட்டு வாங்கி வந்தேன். கூடத்தில் தொடங்கி, சமையலறை ஜன்னல் வழியாக வெளியே விட்டு, வேப்பமரத்தைச் சுற்றி, பக்கத்து வீட்டு மதில்மேல் ஓட்டி, திரும்பக் கூடத்து ஸ்பீக்கருக்குக் கொண்டுவந்தேன். பஃபர் இல்லாமல் ஒரு தட்டு தட்டினேன். தலைவர் சொன்ன அதே தலையணைச் சத்தம். பஃபரைச் செருகித் தட்டினேன். ஐயோ, விடிந்தது! தந்தியில் விரல் உரசுவதுகூடக் கேட்டது. எழுந்து ஒரு ஆட்டம் போட்டேன். நடுத்தர வயதில் போடக்கூடாத ஆட்டம், முட்டி சத்தமும் கேட்டது.

சில்லை மாற்றினேன், பளபளப்பு. இன்னொன்று, அதே பளபளப்பு. மூன்றும் ஒன்றுபோலவே இருந்தன.

“அப்போ எதனா ஒண்ணப் போட்டுக்கினு போக வேண்டியதுதானே” என்றாள் மனைவி.

அவளுக்கு விளங்கவில்லை. ஒன்று நன்றாக இருந்து மற்றவை கெட்டதாக இருந்தால் முடிவெடுப்பது சுலபம். எல்லாமே நன்றாக இருந்தால் மனிதன் எங்கே போவான்? இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டம்மா என் ஒயரில் ஈரப் பாவாடைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். “கொடி கட்னது நீங்கதானா? நல்லா நீளமா கட்டிக்கீறீங்க” என்று பாராட்டும் கிடைத்தது.

கடைசியில் 072ஐச் செருகினேன். கிதாருக்கு நோகாது, பேட்டரிக்கும் நோகாது. ஆனால் மற்ற மூன்றையும் தெர்மோகோலோடு சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அந்தச் சட்டைப் பைதான் என்னைக் கவிழ்த்தது.

திண்டிவனம் மண்டபத்தில் காதுகுத்து பகல் வேளையில். குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்த ஒரு பெரிய மேடை. எங்களுக்குப் பக்கவாட்டில், சமையல்கட்டுக்கு முன்னால், ஒரு துணித் திரையை முதுகில் சாய்த்தபடி சின்ன மேடை. மிக்சர் வழக்கம்போலப் பந்தி வாசலில். நான் சம்படத்தைக் காலடியில் வைத்து, எல்லாவற்றையும் இணைத்து, ஒரு தட்டு தட்டினேன். பந்தி வாசலிலிருந்து மைக்செட்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். தலைவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். கீபோர்டுப் பெண்கூட, “அண்ணா, கேக்குதுண்ணா!” என்று கண்ணை விரித்தாள்.

அத்தோடு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

அப்போதுதான் அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது. உஸ்ஸ்ஸ் என்று, விடாமல், மெல்லியதாக. இரைச்சல்! நாலாயிரம் மைல் தாண்டி உட்கார்ந்துகொண்டு இணையத்தில் சபித்தவர்கள் எல்லாம் என் காதருகே வந்து, “சொன்னோமே, கேட்டாயா?” என்றார்கள். தெருவில் மேளச் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. தாய்மாமன் சீர்த்தட்டுகளோடு கிளம்பிவிட்டார்.

மேடையில் மண்டியிட்டுச் சம்படத்தைத் திறந்தேன். 072ஐப் பிடுங்கினேன். 4558ஐச் செருகினேன். விரலை வைத்தேன், சுட்டது. தோசைக்கல் மாதிரி சுட்டது. போலி! ரயிலடிக் கடைக்காரர் என் தலையில் போலியைக் கட்டிவிட்டார்! அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு 5532ஐச் செருகினேன். அதுவும் சுட்டது. இரண்டும் போலியா? ஒரு சதியே நடந்திருக்கிறது என்று தோன்றியது. சரி, பழையபடி 072ஐயே வைத்துவிடுவோம் என்று அதைத் திரும்பச் செருகினேன். அதுவும் விரலைச் சுட்டுவிட்டு, சின்னதாக ஒரு நாற்றத்தையும் விட்டது.

கீபோர்டுப் பெண் தன் செல்போன் வெளிச்சத்தை அடித்தபடி குனிந்தாள். “இன்னாண்ணா, சமையல் அங்க ஒரு பக்கம் நடக்குது, நீங்க இங்க ஒரு பக்கம் வதக்கறீங்க?”

“எல்லாம் போலிம்மா.”

“அது இன்னாண்ணா ஒரு ஓரத்துல பிறை மாதிரி பள்ளம்? அது மேல இருக்கணுமா, கீழ இருக்கணுமா?”

பார்த்தேன். சில்லின் ஒரு முனையில் இருக்கும் அந்தப் பள்ளம்தான் திசை காட்டும் அடையாளம். வீட்டில் சம்படத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து செருகிப் பழகியவன், மேடையில் அந்தப் பக்கம் மண்டியிட்டிருந்தேன். மூன்று சில்லையும் தலைகீழாகச் செருகி, பேட்டரியை நேர்மாறாகக் கொடுத்து, மூன்றையும் ஒவ்வொன்றாக வறுத்திருந்தேன். முதல் தடவை தெரியாமல் செய்தேன் என்று சொல்லலாம். இரண்டாவது? மூன்றாவது?

பட்டாசு வெடித்தது. மண்டப வாசலில் மேளம் நின்றது. தலைவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, “அண்ணா, ரெடியா? மாமன் வந்துட்டாரு! ஜல்தி!” என்றார். கீபோர்டுப் பெண்ணின் விரல் அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் போய் நின்றது. குற்றம் சொல்ல முடியாது. அவள் வேலை அது.

தெர்மோகோலில் மிச்சமிருந்தது 358 மட்டும். பெண் கொடுக்கவோ எடுக்கவோ கூடாத சில்லு. பள்ளத்தைப் பார்த்தேன், சாக்கெட்டின் பள்ளத்தைப் பார்த்தேன், அவளிடமும் ஒரு தடவை காட்டி, “சரிதானே?” என்று கேட்டேன். செருகினேன். புதுப் பேட்டரியை மாட்டினேன். விரல் வைத்தேன். குளிர்ச்சியாக இருந்தது. சம்படத்தை மூடக்கூட இல்லை.

தட்டினேன்.

சத்தம் மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து எனக்கே திரும்பி வந்தது. மணி மாதிரி. சீர்த்தட்டு தூக்கி வந்த பெண்கள் நடையை அதற்குத் தோதாக மாற்றிக்கொண்டார்கள். மாமன் மீசையைத் தடவிக்கொண்டு உள்ளே வந்தார். கீபோர்டுப் பெண் பொத்தானிலிருந்து கையை எடுத்து, கன்னத்தில் வைத்துக்கொண்டு கேட்டாள். என் உடம்பு தரையிலிருந்து ஒரு சாண் மேலே மிதந்தது. அந்த 358க்கு ஒரு கொரகொரப்பு உண்டு என்று சொல்வார்கள். இருந்திருக்கலாம். மாமனின் மீசையிலும்தான் இருந்தது, யார் குறை சொன்னார்கள்?

இடையில் தலைவர் மூச்சு வாங்கிய நேரத்தில், முதுகுக்குப் பின்னால் யாரோ, “அடுப்ப அணைப்பா, கொழம்பு எறக்கியாச்சு” என்று சொன்னது கேட்டது. உஸ்ஸ்ஸ் நின்றது. அத்தனை நேரமும் திரைக்குப் பின்னால் கேஸ் அடுப்புதான் சீறிக்கொண்டிருந்திருக்கிறது. அதற்காகத்தான் மூன்று சில்லைக் கொன்றேன். வாசித்துக்கொண்டே சிரித்துவிட்டேன். மேளக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, காரணம் தெரியாமலே தானும் சிரித்தார்.

அதற்குள் பெரிய மேடையில் மாமன் குழந்தையை மடியில் வாங்கியிருந்தார், ஆசாரி ஊசியை எடுத்திருந்தார். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் ஒரு இடையிசை. அதில் கிதார் ஒரு கார்டு பிடித்து, அதாவது பல தந்திகளைச் சேர்த்து அமுக்கி, நீளமாக விட வேண்டும். பிடித்தேன். விட்டேன். தலைவர் பாடுவதற்கு வாயைத் திறந்தவர் திறந்தபடியே என் பக்கம் திரும்பினார். கீபோர்டுப் பெண்ணின் கை கன்னத்திலிருந்து வாய்க்குப் போனது. குழந்தை அழுதது. அதற்குக் காது குத்தியதால்தான் அழுதது என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

கச்சேரி முடிந்து பந்தியில் உட்கார்ந்தோம். எனக்கு எதிர் இலையில் தலைவர்.

“கிட்டாரு கேட்டுச்சா?” என்றேன். பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

“கேட்டுச்சுணா. நல்லாவே கேட்டுச்சு. அதான் இப்போ பேஜாரு.”

“என்னாச்சு?”

“அந்த எடத்துல வர்ற கார்டு மைனருணா, சோகமா கொழையணும். நீங்க ஒரு வெரல மாத்தி வெச்சி மேஜர் வாசிக்கிறீங்க.”

“எப்பவும் அப்படித்தானே வாசிக்கிறேன்.”

“எப்பவுமேவா?” என்றார். அப்பளம் அவர் கையிலேயே நின்றது. “அப்போ இத்தன நாளும் தப்பாத்தான் வாசிச்சிக்கினு இருந்தீங்களா?”

கீபோர்டுப் பெண் இலையில் குனிந்து குலுங்கினாள். ரசம் ஊற்ற வந்தவர் விக்கல் என்று நினைத்துத் தண்ணீர் வைத்துவிட்டுப் போனார்.

வெயில் இறங்காத நேரத்தில் வேன் கிளம்பியது. கூட்டேரிப்பட்டு தாண்டியதும் தலைவர் முன் சீட்டிலிருந்து திரும்பி, என் மடியில் கிதாரை வைத்தார். ஒயர் இல்லை, பெடல் இல்லை, சில்லு இல்லை. “புடிங்கணா. மைனரு.”

பிடித்தேன். எத்தனையோ வருஷம் வேறு இடத்தில் குடியிருந்த விரல், வீடு மாற மறுத்தது. வேனில் இருந்த அத்தனை பேரும் தாளம் போட்டார்கள். சரியாக அந்த இடம் வந்ததும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். மேஜர். “ஏய்ய்ய்!” என்று ஒரே கூச்சல். மறுபடி. மேஜர். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வண்டி நின்றபோது சாவடிக்குள் காசு வாங்குகிறவர்கூட எட்டிப் பார்த்தார். அந்தப் பதற்றத்தில் ஒரு மைனர் விழுந்தது. வேன் ஆடிப்போகிற மாதிரி கைதட்டல். அடுத்த தடவை திரும்பவும் மேஜர்.

முண்டியம்பாக்கம் வருவதற்குள் விரல் ஒருவழியாகப் புது வீட்டில் பாயை விரித்துப் படுத்தது. விடாமல் நாலைந்து தடவை சரியாக வந்தது. தலைவர் பாராட்டவில்லை. சாலையைப் பார்த்தபடி, “ஞாயித்துக்கெழம மரக்காணத்துல ஒரு நிச்சயதார்த்தம். வண்டி காலைல சீக்கிரமே கெளம்பிடும், வந்துடுங்க” என்றார்.

அவ்வளவுதான். கிதாரை மடியில் இன்னும் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டேன்.

கீபோர்டுப் பெண் பின்னாலிருந்து கேட்டாள்: “அப்போ என் கீபோர்டுல இருக்கற கிட்டார எடுத்துடட்டுமா?”

“அட, இரும்மா” என்றார் தலைவர். “மரக்காணம் முடியட்டும்.”

வேனில் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். சிரித்துக்கொண்டே, விரல் நழுவிவிடாமல், அந்தக் கார்டை விழுப்புரம் வரும்வரை கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்தேன்.